கல்லில் இரண்டாவது பெயர்

பிப்ரவரி 3

மதிப்பிற்குரிய முன்னாள் உதவிச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கோல்ஃப் கிளப்புக்கு வரும் ஜூன் மாதம் எழுபத்தைந்து வயதாகிறது. அதையொட்டி முதல் குழியின் பக்கத்தில் ஒரு கருங்கல் நடப்போகிறார்கள். அதில் இரண்டு பெயர்கள் வரும். ‘மைதானத்தை வடிவமைத்தவர்’ என்று ஒன்று, ‘பின்னர் மாற்றியவர்’ என்று இன்னொன்று. இரண்டு பேரும் யார் என்று ஆதாரத்தோடு கண்டுபிடித்துத் தரும் பொறுப்பை, நில அளவை அலுவலகத்தில் படம் வரையும் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். கிளப்பின் புல்தரையைப் பார்த்துக்கொள்ளும் மேஸ்திரியாக இருபத்தெட்டு வருடம் இருந்தவரின் மகள் நான் என்பது இப்போதைய செயலாளருக்குத் தெரியாது. நானும் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாவது பெயருக்காகத்தான் உங்களைத் தொந்தரவு செய்கிறேன். பதினேழு வருடத்துக்கு முந்தைய விசாரணையின் மினிட்ஸ் புத்தகத்தை நேற்று பார்த்தேன். ‘மேஸ்திரி பதினெட்டு கிரீன்களையும் கமிட்டியின் அனுமதியின்றித் தன்னிச்சையாகச் சிறிதாக்கி, மைதானத்தின் அசல் வடிவத்தைச் சிதைத்தார்’ என்று இருக்கிறது. கீழே உங்கள் கையெழுத்து. இன்றைக்கும் கிளப்பில் யாரைக் கேட்டாலும் அப்பாவைத்தான் கைகாட்டுகிறார்கள். கல்லில் ‘சிதைத்தவர்’ என்று வெட்டமாட்டார்கள், அந்த மட்டும் மரியாதை உண்டு. ஆனால் படிக்கிறவர்கள் அப்படித்தான் படிப்பார்கள்.

கிரீன் என்றால் என்னவென்று அறிக்கையில் எல்லாருக்கும் புரியும்படி, ‘குழியும் கொடியும் உள்ள, ஒட்ட வெட்டிய புல்வட்டம்’ என்று எழுதியிருக்கிறேன். தவறிருந்தால் திருத்தவும்.

எனக்கு வேண்டியது, விசாரணை அன்று நீங்கள் உங்கள் கையால் எடுத்த சுருக்கெழுத்துக் குறிப்பு. மினிட்ஸில் இருப்பது பிறகு உட்கார்ந்து எழுதிய நகல். ‘கிரீன்களைச் சிறிதாக்கச் சொன்னது நீங்களா?’ என்ற கேள்விக்கு அப்பா ‘ஆமாம்’ என்று பதில் சொன்னதாக அதில் இருக்கிறது. அவர் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார் என்று அன்றைக்கே சொன்னேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

அறிக்கையை மே 20-க்குள் கொடுக்கவேண்டும்.

இப்படிக்கு,
மேஸ்திரியின் மகள்


பிப்ரவரி 14

தங்கைக்கு,

பதினான்கு வருடம் கழித்து வீட்டிலிருந்து வந்த முதல் கடிதம் ‘மதிப்பிற்குரிய’ என்று ஆரம்பித்ததைப் பார்த்து, இது எனக்கு வந்ததுதானா என்று தபால்காரரிடம் கேட்டேன். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர், “உங்க பேர்தான் சார் போட்டிருக்கு, நான் என்ன பண்ணட்டும்?” என்றார். அவருக்கு என்ன தெரியும்.

குறிப்பு என்னிடம் இருக்கிறது. நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். ஓர் எழுத்தைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நான் இப்போது நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தர் என்பது உனக்குத் தெரியும். யார் என்ன சொல்கிறாரோ அதை எழுதுவதுதான் என் பிழைப்பு. திருடன் சொன்னாலும் எழுதுவேன், நீதிபதி சொன்னாலும் எழுதுவேன். அன்றைக்கு அப்பா சொன்னார், எழுதினேன்.

எழுந்து வெளியே போயிருக்கலாமே என்பாய். போயிருக்கலாம். அப்போதுதான் வேலை நிரந்தரமாகியிருந்தது, வீட்டில் கைக்குழந்தை. ஒரு நிபுணர் வெளியூரிலிருந்து வந்து, “இது அசல் அளவே இல்லையே, யாரோ கை வச்சிருக்காங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த ‘யாரோ’வுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது கமிட்டிக்கு. கேட்டார்கள், அவர் ஒப்புக்கொண்டார். நான் என்ன செய்திருக்கவேண்டும் என்று நீதான் சொல்லேன்.

முதல் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. மைதானத்தை வடிவமைத்தவர் என்று கிளப் கூடத்தில் மாட்டியிருக்கும் அந்தக் காலத்துப் பெரிய நிபுணரின் படத்தை நம்பிவிடாதே. கிடங்கில் பழைய தண்ணீர்க் குழாய்ப் படங்கள் சுருட்டிக் கிடக்கும். அதைத் தேடு.

அப்பா போனபோது எல்லாம் முடிந்த மறுநாள் எனக்குச் செய்தி சொன்னவளுக்கு இவ்வளவு எழுதியதே அதிகம்.

அண்ணன்


மார்ச் 9

அண்ணனுக்கு,

அன்று போன் லைன் கிடைக்கவில்லை என்று அப்போதே சொன்னேன். அதைத் திரும்பத் திரும்பக் கிளறவேண்டாம்.

நீ சொன்ன குழாய்ப் படங்கள் கிடைத்தன. சும்மா சொல்லக்கூடாது, உன்னால் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. பெரிய நிபுணர் இங்கே வந்தது மொத்தமே இரண்டு நாள். இரண்டு நாளும் அடைமழை. வராந்தாவை விட்டு இறங்காமலே, கொசு கடிக்கிறது என்று கிளப்புக்கு ஒரு புகார்க் கடிதமும் எழுதிவிட்டு ரயிலேறியிருக்கிறார். மைதானம் முழுக்க அடி அடியாக நடந்து, மேடு பள்ளம் பார்த்து, பதினெட்டு குழிக்கும் இடம் குறித்தவர் தண்ணீர்த் தொட்டி அலுவலகத்து மேற்பார்வையாளர் ஒருவர். குழாய்ப் படத்தின் பின்பக்கத்தில் ஒவ்வொரு கிரீனின் அளவும் அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. எழுபத்தைந்து வருடமாக வேறொருவர் படத்துக்கு மாலை போட்டிருக்கிறார்கள். முதல் பெயர் முடிந்தது.

இரண்டாவது பெயருக்கு வருகிறேன். இப்போது மேஸ்திரியாக இருப்பவர் ஒரு பெண். கெட்டிக்காரி. மண்ணில் குத்தி எடுக்கும் ஒரு குழாய் வைத்திருக்கிறார். கிரீனுக்கு மட்டும் வருடத்துக்கு ஒருமுறை மணல் தூவுவார்கள் இல்லையா? ஒரு கோடு மணல், ஒரு கோடு மக்கிய புல் என்று அது உள்ளே அடுக்கடுக்காக நிற்கிறது. இன்றைய ஓரத்தைத் தாண்டி வெளியே குத்தினால் மணல் கோடு குறைந்துகொண்டே வருகிறது. எந்த வருடம் அந்த இடத்தைக் கைவிட்டார்களோ அந்த வருடத்தோடு கோடு நின்றுவிடுகிறது. மூன்று கிரீன்களில் மூன்றடிக்கு ஒரு குத்து வைத்துப் பார்த்தோம். ஏழடி சுருங்கியிருக்கிறது, ஆனால் ஒரே நாளில் அல்ல. புல் வெட்டும் மெஷின் ஓட்டுகிறவர்கள் ஓரத்தில் தப்பு வந்துவிடக்கூடாது என்று ஒவ்வொரு வருடமும் ஒரு விரல் உள்ளே தள்ளி வெட்டியிருக்கிறார்கள். எழுபத்தைந்து வருடமாக எல்லாரும் அதைச் செய்திருக்கிறார்கள். யாருக்கும் தெரியவில்லை.

ஆக, மாற்றியவர் என்று ஓர் ஆளே இல்லை. அப்பா யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாத ஒன்றுக்கு அவர் எப்படி ‘ஆமாம்’ என்றிருப்பார்? உன் குறிப்பை எங்கள் அலுவலகத்தில் ஓய்வு பெற்ற ஒருவரிடம் காட்டினேன். ‘ஆமாம்’ என்றுதான் இருக்கிறதாம். எழுதும்போதே பொய்யாக எழுத உனக்குத் தெரியாதா என்ன?

தங்கை


மார்ச் 20

தங்கைக்கு,

‘நீங்கள்’ போய் ‘நீ’ வந்ததே என்று சந்தோஷப்பட்டேன். கடைசி வரியில் முகத்தில் அறைந்துவிட்டாய்.

விரல் கணக்கு உண்மைதான். நானே ஆறு வருடம் அந்த மெஷினில் உட்கார்ந்தவன். ஓரத்தில் சக்கரம் கொஞ்சம் வெளியே போனால் புல் மொட்டையாகிவிடும், மறுநாள் அப்பாவிடம் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டும். அதனால் ஒரு விரல் உள்ளேதான் ஓட்டுவோம். அடுத்தவன் வந்து நான் விட்ட கோட்டை ஓரம் என்று நினைத்து அதற்கு உள்ளே ஒரு விரல் ஓட்டுவான். சின்ன வயதில் உனக்கு ‘அளவுகோல்’ என்று பேர் வைத்தோமே, நீ பக்கத்தில் நின்றிருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பாய். மாற்றியவர்கள் பட்டியலில் என் பெயரையும் சேர்த்துக்கொள்.

ஆனால் அவர் ‘ஆமாம்’ என்று சொன்னதும் உண்மை. என் காதால் கேட்டேன். பதினேழு வருடமாக அது எனக்கும் விளங்கவில்லை. சுருங்கியது தானாக என்றால், அந்த மனுஷன் ஏன் ஒப்புக்கொண்டார்?

மூன்றடிக்கு ஒரு குத்து வைத்துத் தீர்ப்பெழுதும் ஆளா நீ? அளவுகோலுக்கு என்ன ஆயிற்று? சாண் சாணாகக் குத்து. மூன்று கிரீன் போதாது, பதினெட்டிலும் குத்து. அதற்குப் பிறகு என்னைப் பொய்யன் என்று சொல், கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணன்


ஏப்ரல் 6

அண்ணா,

இதை எழுத நான்கு நாளாகிறது. தாள்தான் வீணானது.

நீ சொன்னபடி சாண் சாணாகக் குத்தினோம். விரல் விரலாகக் குறைகிறது, சரி. ஆனால் நடுவில் ஓரிடத்தில் இரண்டு அடி அகலத்துக்கு மொத்தமாக, ஒரே வருடத்தில், கோடு நின்றுவிடுகிறது. மூன்றடிக்கு ஒரு குத்து வைத்தபோது அதைத் தாண்டிக் குதித்துப் போயிருக்கிறேன். ஒரு கிரீனில் என்றால் ஏதோ பூச்சி விழுந்து விட்டுவிட்டார்கள் எனலாம். பதினெட்டிலும் இருக்கிறது. சுற்றிலும் இருக்கிறது. எல்லாவற்றிலும் இரண்டே அடி, ஒரு விரல் கூடுதல் இல்லை, குறைவு இல்லை. மேஸ்திரியம்மா குழாயைத் துடைத்துக்கொண்டே, “இது தன்னால நடந்தது இல்லைம்மா. யாரோ கயிறு கட்டி, அளந்து, உத்தரவு போட்டிருக்காங்க” என்றார்.

கோடுகளை எண்ணினேன். முப்பது வருடம். அப்போது மேஸ்திரி அப்பாதான்.

நீ பொய் எழுதவில்லை. அவர் ‘ஆமாம்’ என்றுதான் சொல்லியிருக்கிறார். விசாரணை முடிந்து வீட்டுக்கு வந்த அன்று, “நீ அப்படிச் சொன்னியாப்பா?” என்று நான் கேட்டபோது, “விடும்மா” என்றார். அதை ‘இல்லை’ என்று எடுத்துக்கொண்டது நான். அதை வைத்துக்கொண்டு உன்னை என்னவெல்லாம் பேசினேன். உன் பெண்டாட்டி, பிள்ளை முன்னால் வாசலில் நின்று பேசினேன். மன்னித்துவிடு என்று சுலபமாக எழுதிவிடலாம், எழுதக் கை வரவில்லை.

அப்பாவைக் காப்பாற்றத்தான் இந்த வேலையை ஒப்புக்கொண்டேன். இப்போது என் கையாலேயே அவருக்கு எதிராக ஆதாரம் தோண்டிக் கொடுத்துவிட்டேன். பதினெட்டு கிரீனையும் இரண்டடி உள்ளே இழுக்க அவருக்கு என்ன வந்தது? அந்த வருடம் நான் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருடத்தில் எனக்குத் தெரிந்து நடந்தது, மெஷின் கவிழ்ந்து உன் கால் முறிந்தது மட்டும்தான். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? வேறு ஏதாவது நடந்ததா? யோசித்துச் சொல்.

தங்கை


ஏப்ரல் 15

அளவுகோலுக்கு,

உன் கடிதத்தில் ‘இரண்டே அடி’ என்ற இடத்துக்கு மேல் என்னால் படிக்கமுடியவில்லை. நீதிமன்றத்துக்கு அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, வெளியே மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து மிச்சத்தைப் படித்தேன்.

கேள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அப்பாவைப் பற்றித் தப்பாக நினைப்பார்கள் என்று சொல்லவில்லை. நானே தப்பாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் கிரீனின் இடது ஓரம் உனக்கு ஞாபகம் இருக்கும். அதற்குக் கீழே ஆள் உயர மணல் குழி. காலையில் புல் ஈரமாக இருந்தது. சக்கரம் வழுக்கி, மெஷினோடு உள்ளே போனேன். இடது கால் அடியில் மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது அப்பா கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தலையைத் தடவுவார், வலிக்கிறதா என்று கேட்பார் என்று பார்த்தேன். அம்மா இல்லாத வீட்டில் அதைக் கேட்க வேறு யார் இருக்கிறார்கள்? அவர் கேட்டது இதுதான்:

“எந்த எடத்துல சக்கரம் வழுக்குச்சு?”

“ஓரத்துலதான்.”

“ஓரத்துலன்னா? ஓரத்துக்கு எவ்ளோ உள்ள?”

“ரெண்டு அடி இருக்கும். இப்ப எதுக்குப்பா அது?”

“நல்லா யோசிச்சு சொல்லு. ரெண்டா, மூணா?”

“ரெண்டுதான்.”

“சரி. படு.”

அவ்வளவுதான். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பக்கத்தில் நின்ற நர்ஸிடம், “எங்கப்பாவுக்குப் புல்லு ஒழுங்கா இருக்கான்னுதான் கவலை, புள்ளை அப்புறம்தான்” என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மூன்று மாதம் படுக்கை. எழுந்து நடந்தபோது கால் ஒரு அங்குலம் குட்டை. அலுவலகத்தில் மேஜை வேலை கொடுத்தார்கள். அதற்குப் பிறகு நான் அந்தப் புல்லில் கால் வைக்கவே இல்லை. வைத்திருந்தால், ஓரம் உள்ளே வந்திருப்பது என் கண்ணில் பட்டிருக்கும்.

நான் விழுந்த இடத்தில் மட்டும் தள்ளியிருந்தால் போதுமே. பதினெட்டிலும் ஏன் தள்ளினார்? மற்றவன் பிள்ளையும் விழக்கூடாது என்றா? நான் திரும்பவும் மெஷின் ஏறினால் எந்தப் பக்கம் போவேன் என்று தெரியாது என்றா? கமிட்டியிடம் கேட்டால் அசல் அளவு, அழகு என்று சொல்லித் தட்டிக்கழிப்பார்கள் என்று கேட்காமலே செய்திருக்கிறார். அவரைக் கேட்க முடியாது இனி.

விசாரணை அன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ‘நீங்களா சொன்னீர்கள்’ என்றார்கள். ‘ஆமாம்’ என்றார். ‘அனுமதி வாங்கினீர்களா’ என்றார்கள். ‘இல்லை’ என்றார். நான் எழுதி முடிக்கும்வரை பொறுத்து, அப்புறம் அடுத்த பதிலுக்கு வாய் திறந்தார். வேகமாகப் பேசினால் எனக்குச் சிரமம் என்று. அதைக்கூட அன்றைக்கு நான் திமிர் என்று நினைத்தேன். காரணம் சொல்லியிருந்தால் என் காலைப் பற்றித்தான் சொல்லவேண்டியிருக்கும். அதை என் கையாலேயே எழுதவைக்க அவருக்கு மனம் வரவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்ட ஒரு கேள்விக்காக அவர்மேல் பதிமூன்று வருடம் கோபத்தை வைத்திருந்து, அன்றைக்குப் பேனாவை வைத்துத் தீர்த்துக்கொண்டேன். கைக்குழந்தை, நிரந்தர வேலை என்று உனக்கு எழுதியதெல்லாம் சும்மா.

தங்கை, அந்த இரண்டடியை அறிக்கையில் விட்டுவிடு. விரல் விரலாகத் தேய்ந்தது என்று மட்டும் எழுது. மூன்றடிக்கு ஒரு குத்துதான் வைத்தேன் என்று சொல், யார் தோண்டிப் பார்க்கப்போகிறார்கள்? அப்பா பெயர் தப்பித்துவிடும்.

அண்ணன்


ஏப்ரல் 22

அண்ணா,

விடமாட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

இரண்டடியை மறைத்தால் அப்பா ஒன்றுமே செய்யாதவர் ஆகிவிடுவார். நான் இத்தனை வருடம் அவரை அப்படித்தான் வைத்திருந்தேன், பாவம், ஒன்றும் செய்யாதவர் என்று. அவர் செய்தார். தெரிந்தே செய்தார். அதற்காக வேலையும், கிளப் கொடுத்திருந்த வீடும் போயிற்று. என் இரண்டு அறை வீட்டில் மூன்று வருடம் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், ஒரு நாள்கூட உன்னைக் குறை சொல்லவில்லை. நான் உன்னைத் திட்ட ஆரம்பித்தால் எழுந்து வெளியே போய்விடுவார். என் பக்கம் பேச ஆளில்லை என்று அதற்கும் சேர்த்து உன்மேல்தான் எரிச்சல்பட்டேன்.

அறிக்கையில் ‘மாற்றியவர்’ என்ற இடத்தில் அப்பா பெயரையே எழுதப்போகிறேன். ஆனால் காரணத்தோடு எழுதவேண்டும். காரணத்துக்கு நீ ஒருவன்தான் சாட்சி. நீ கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தால் மினிட்ஸ் புத்தகத்தில் அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவிடுவதாகச் செயலாளர் சொல்கிறார். நான் யார் மகள் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். எனக்கு நாற்காலி போடச் சொன்னார். நீ எழுதினால், அப்பாவுக்காக அன்றைக்கு வாய் திறக்காத மகன் என்று உன் பெயர் கெடும், தெரிந்துதான் கேட்கிறேன்.

கிரீன்களை அசல் அளவுக்குக் கொண்டுவர கமிட்டி முடிவு செய்திருக்கிறது. ஒன்பதின் இடது ஓரமும் பழையபடி அந்த மணல் குழி வரைக்கும் போகும்.

இன்னொன்று. இதைச் சொல்லாமல் உன்னிடம் சாட்சி கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. அப்பா போன அன்று லைன் கிடைக்கவில்லை என்றது பொய். நான் போனை எடுக்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் கடைசி இரண்டு நாள், “அவனுக்குச் சொல்லிட்டியா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். “சொல்லிட்டேம்பா, வந்துட்டிருக்கான்” என்றேன். அப்படிச் சொல்லிவிட்டு எதிரில் இருந்த போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ வரக்கூடாது என்று நினைத்தேன். அவர் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்கு நீ என்ன எழுதினாலும் சரி.

தங்கை


மே 16

என் தங்கைக்கு,

மூன்று வாரம் பதில் எழுதவில்லை. முதல் வாரம் உன்மேல் கோபம். இரண்டாவது வாரம் வண்டி ஏறி வந்து உன் வாசலில் நின்று கத்தவேண்டும் என்றிருந்தது. மூன்றாவது வாரம் என்னையே கேட்டுக்கொண்டேன், நீ போன் செய்திருந்தால் நான் கிளம்பியிருப்பேனா என்று. தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. அவர் வேலையை விட்டுப் போன பிறகு மூன்று வருடம் உயிரோடு இருந்தார், பஸ்ஸில் ஏழு மணி நேரப் பயணம், ஒருமுறைகூட வராதவன் நான். நீ கூப்பிடவில்லை என்பதைப் பதினான்கு வருடமாகச் சாக்காக வைத்துப் பிழைத்துவிட்டேன். இப்போது அதுவும் போயிற்று. அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எழுதினாயே, அதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கலாம். இல்லை, எழுதியதுதான் சரி.

மேஸ்திரியம்மாவிடம் ஒன்று சொல். ஓரத்தை அசல் அளவுக்குக் கொண்டுபோகட்டும், நான் தடுக்கவில்லை. ஒன்பதின் இடது பக்கத்தில் மட்டும் ஆள் உட்கார்ந்து ஓட்டும் மெஷின் ஏறவேண்டாம், கையால் தள்ளும் மெஷினால் வெட்டட்டும்.

கீழே இருப்பதை அப்படியே மினிட்ஸில் ஒட்டச் சொல். கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

‘இந்த விசாரணையில் குறிப்பெடுத்தவன் நான். மேஸ்திரியின் மகன். அவர் சொன்னதாக மேலே எழுதியிருப்பவை எல்லாம் அவர் சொன்னவையே. பதினெட்டு கிரீன்களையும் இரண்டு அடி உள்ளே தள்ளி வெட்டச் சொன்னது அவர்தான். ஒன்பதாம் கிரீனில் ஓரத்திலிருந்து இரண்டு அடியில் சக்கரம் வழுக்கி நான் விழுந்தேன். எவ்வளவு தூரம் என்று அவர் ஆஸ்பத்திரியில் என்னைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அந்த அளவைச் சொன்னது நான். இனி யாரும் விழக்கூடாது என்று அவர் அதைச் செய்தார்.

ஏன் செய்தீர்கள் என்று அன்று கமிட்டியில் ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. குறிப்பெடுப்பவனுக்குக் கேள்வி கேட்கும் உரிமை கிடையாது. மகனுக்கு இருந்தது.’